மண்டி போட்ட கார்

துபாயில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு சுலைமான் அண்ணன், தன் பழைய காரை என் பொறுப்பில் விட்டிருந்தார். அதில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள். சுவிட்சை அழுத்தினால் வண்டி தாழும். இடுப்பு ஆபரேஷன் ஆன அவருடைய அம்மா சிரமமில்லாமல் ஏறிக்கொள்வார். அந்தக் காரின் காற்றுக் கசிவோடு மல்லுக்கட்டியே நான் சலித்துப்போயிருந்தேன்.

அந்த அம்மாவைத் தஞ்சாவூர் டாக்டரிடம் அழைத்துப் போகும் வழியில், முன்பக்கம் மறுபடி படுத்துவிட்டது. ஜாக்கி நுழையக்கூட இடமில்லை. வெயிலில் அம்மா வலியில் முனகினார்.

சாலையில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா வந்தார். "என்ன தம்பி, வண்டி மண்டி போட்டுருச்சா?"

"ஆமாக்கா. சக்கரத்துக்கு அடியில ஏதாச்சும் குடுத்து ஏத்தணும்."

நெல்லின் மேல் வண்டிகள் ஏறாமலிருக்க ஓரத்தில் போட்டிருந்த கட்டையை அவரே இழுத்து வந்தார். சக்கரத்தை அதில் ஏற்றியதும் ஜாக்கி நுழைந்தது. கசிவைக் கண்டுபிடிக்க, வண்டியில் எப்போதும் வைத்திருக்கும் சோப்புத் தண்ணீரை ஊற்றினேன். காற்றுக் குழாயின் இணைப்பில் குமிழி வந்தது. முனையை வெட்டி மறுபடி சொருகி இறுக்கினேன்.

அதற்குள் ஒரு மினி பஸ், கட்டை இல்லாத இடத்தில் அவருடைய நெல்லின் மேலேயே ஏறிப் போனது. நான் பதறினேன்.

"நெல்லக் கூட்டி அள்ளிக்கலாம். நீ அம்மாவப் பாரு."

வண்டி மெல்ல எழுந்தது.

"அல்லா ஒனக்கு நல்லது செய்வான்மா" என்றார் அம்மா.

‘ரோடு என்ன இவங்க களமா?’ என்று திட்டிக்கொண்டே எத்தனையோ பேருடைய நெல்லின் மேல் ஏற்றிப் போனவன் நான். அந்தக் கட்டை என்னைப் போன்றவர்களைத் தடுக்கப் போட்டது. அதை அம்மாவிடம் சொல்ல வாய் வராமல், களைப்போடு ஓட்டினேன்.