மாலை போட்ட ஆசாரியின் ஜன்னல்

சந்தனமும் மரத்தூளும் கலந்த வாசனை எங்கே மூக்கில் ஏறினாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கோயிலில் வந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் முறைக்கிறார்கள். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்த உடம்பு, அதில் பட்டை பட்டையாகச் சந்தனம், அதன்மேல் இழைப்புளி கிளப்பிய தூள், எல்லாம் வியர்வையில் ஊறி, ஒரு மனிதர் நடமாடும் பிரசாதமாக எங்கள் வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்த கார்த்திகை மாதம் அது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வந்து, அதைச் சுற்றி வீடுகள் மழைக்குப் பிந்தைய காளான்களாகக் கிளம்பிக்கொண்டிருந்த தொண்ணூறுகள். கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் ஊரில் அப்படியொரு கிராக்கி. பெண் கேட்டுப் போவதுபோல் வெற்றிலை பாக்கோடு போய் அழைத்து வரவேண்டும்.

நாங்கள் ஆசாரியை அழைத்தது ஒரு ஜன்னலுக்காக. ஜன்னல் அப்பாவுக்காக.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் ஏறி, ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கியவர், ஓய்வுபெற்ற எட்டாம் மாதம் நின்றுகொண்டிருந்த பஸ்ஸிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். "நிக்கிற பஸ்ஸு எனக்குப் பழக்கமில்ல" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் காரணம் சொன்னார். எலும்புக்குத் தகடு வைத்து, மூன்று மாதம் அசையக்கூடாது என்று கட்டிலில் போட்டுவிட்டார்கள். கூடவே பழைய இளைப்பு. ஊதக்காற்று பட்டால் நெஞ்சு விசில் அடிக்கும்.

அவர் படுத்திருந்தது மேற்குப் பக்கத்து அறை. அந்தப் பக்கம் காலி மனை, முள்செடி, வேலூர் ரோடு, அதற்குப் பின்னால் மலை. ஆனால் சுவரில் இருந்தது ஒரு முழ அகல ஜன்னல். கம்பியும் கொசுவலையும் போக மிச்சத்தில் ஒரு முருங்கைக் கிளை தெரியும்.

ஒருநாள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "தீபம் என்னைக்கு வருது?"

நான் திடுக்கிட்டேன். சாமி கும்பிடாதவர். கறுப்புச் சட்டைக்காரர். கல்யாணத்தன்றும் நெற்றியில் விபூதி பூச விடாததால் அம்மா வீட்டாரோடு இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. என் முகத்தைப் பார்த்து உடனே சேர்த்துக்கொண்டார்: "எத்தினி ஸ்பெஷல் பஸ் விடறானுங்கன்னு பாக்கணும். ரோடு தெரிஞ்சா போதும்."

நான் நம்பவில்லை. முப்பது தீபத்துக்கும் அவருக்கு டியூட்டி. மலையில் சுடர் ஏறும் அந்த நிமிடம் பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாயுமாம். டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையைக் கூப்புவாராம். எண்பது தலை ஜன்னலை அடைத்துக்கொள்ள, இவர் மட்டும் நடுவில் நின்று "முன்னாடி நவுரு, டிக்கெட் டிக்கெட்" என்று கத்திக்கொண்டிருப்பாராம். இந்த ஊரில் பிறந்து, எங்கிருந்தெல்லாமோ வந்தவர்களை மூட்டை மூட்டையாக மலையடியில் இறக்கிவிட்ட மனிதர் ஒருமுறைகூட அந்தச் சுடரைப் பார்த்ததில்லை. பார்க்க ஆசை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் பஸ்.

ஜன்னலைப் பெரிதாக்குவது என்று முடிவானது. இங்கே என் கிறுக்கும் சேர்ந்துகொண்டது. ஆசிரமம் பக்கம் வெள்ளைக்காரர் ஒருவர் எடுத்திருந்த வாடகை வீட்டில், சுவரில் பாதிக்கு ஒரே கண்ணாடியாக, திறக்கவே முடியாத ஜன்னலைப் பார்த்திருந்தேன். மலை உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தது. அதேபோல ஒன்று, காற்று வராது, புழுதி வராது, இளைப்பு வராது, மலை மட்டும் வரும் என்று அம்மாவிடம் அளந்தேன்.

முன்பும் எங்கள் வீட்டில் வேலை செய்த ஆசாரிதான், ஆனால் இந்த முறை வந்தபோது கழுத்தில் துளசிமணி மாலை. கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால், ஒரு வாரத் தாடி. சபரிமலை விரதம். அன்று முதல் அவர் எங்களுக்குச் சாமி, நாங்களும் அவருக்குச் சாமி. அம்மா தனி டம்ளர் கழுவிக் காபி கொடுத்தாள். மாலை போட்டவரைத் திட்டக்கூடாது, வா போ என்று பேசக்கூடாது, மனம் நோகவைத்தால் பாவம். வேலைக்காரர்களை மேய்க்கும் வீட்டுக்காரனுக்கு இருப்பதே வாய் ஒன்று. அதையும் பூட்டினார்கள்.

அப்பா கட்டிலிலிருந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யோவ், கறுப்பு எங்க கலரு. உனக்கு எவன் குடுத்தான்?"

"ஐயா, நீங்க வருஷம் பூரா கட்றீங்க. நாங்க நாப்பத்தெட்டு நாளு இரவல் வாங்கிக்கிறோம்."

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. வெளியில் காட்டவில்லை.

பழைய ஜன்னலைப் பெயர்த்த அன்று சாயங்காலம் வழக்கம்போல் கேட்டேன். "நாளைக்கு வந்துடுவீங்கல்ல, சாமி?"

"வரமாட்டேன் சாமி."

எனக்குக் காது அடைத்தது. எந்த ஆசாரியும் எந்தக் காலத்திலும் சொல்லாத வாக்கியம். 'காலைல ஏழு மணிக்கு நிப்பேன்' என்பார்கள், மறுநாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு லீவு போட்டு உட்கார்ந்திருப்போம். அதுதானே முறை?

"ஏன் சாமி?"

"போளூர் ரோட்ல வேற ஒரு வேலை ஒத்துக்கினு இருக்கேன். அங்கயும் பாதில நிக்குது. மாலை போட்டுக்கினு பொய் சொல்லக்கூடாது பாருங்க."

அப்பாவின் கண் திறந்தது. டிக்கெட் வாங்காமல் பின் சீட்டில் தூங்குவதுபோல் நடிக்கிறவனைக் கண்டால் வரும் பிரகாசம். "இங்க வா, உக்காரு" என்றார். "நாலு வருஷம் முன்னாடி சமையல்ரூம் கதவு போட்டியே. அது இன்னா மரம்?"

ஆசாரி மாலையைத் தொட்டுக்கொண்டார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தேக்குன்னு சொன்னேன்."

"சொன்னத நான் கேக்கல."

"நிலை தேக்குதாங்க. கதவு... மா."

"மாமரமா! மழைக்கு உப்புதுன்னு கேட்டா, தேக்கு அப்படித்தான் மூச்சு விடும்னு சொன்னீங்களே சாமி!" அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள்.

"கீலு?" அப்பா விடவில்லை.

"இரும்பு. பித்தளை முலாம்."

"டேய், வீட்ல இருக்குற எல்லாத்தையும் ஒரு லிஸ்ட் எடு" என்றார் அப்பா என்னிடம். "மாலைய கழட்றதுக்குள்ள கேட்டுக்கணும். கடவுள் இல்லன்னு முப்பது வருஷமா சொல்லிக்கினு திரிஞ்சேன், இப்படி ஒரு உபயோகம் இருக்குன்னு எவனும் சொல்லலியே!"

இப்படியாக எங்கள் வீட்டில் எது எதுவாக இல்லை என்பது அவர் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்தது. அலமாரியின் பின்பலகை சாமான் வந்த பெட்டியின் பலகை. குளியலறைக் கதவு கோணல் இல்லை, சுவர்தான் கோணல் என்று சொன்னது பொய், கதவேதான் கோணல். ஒவ்வொரு ஒப்புதலுக்கும் பின் அவர் முகம் ஒரு சுற்று லேசானது. எங்கள் முகம் ஒரு சுற்றுக் கனத்தது. அம்மா காபியில் சர்க்கரையைக் குறைத்தாள்.

தீபத்துக்கு மூன்று நாள் முன்னால் ஆபீஸிலிருந்து வந்தேன். ஜன்னல் முடிந்திருந்தது. கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்ட மக்கு பூசிய எண்ணெய் வாசனை. நல்ல சட்டம், நேரான மூலை, வழவழவென்ற இழைப்பு. நடுவில் கண்ணாடி. கண்ணாடி பூராவும் பூ.

பூக்கண்ணாடி. லாட்ஜ் பாத்ரூம்களில் போடுவது. உள்ளே ஆள் இருக்கிறார் என்று தெரியும், யார் என்று தெரியாது. அதன் வழியே பார்த்தேன். நூறு பூக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மலை. ரோடு ஒரு சாம்பல் ஈரம். அசைந்து போனது லாரியோ எருமையோ.

"உன் சாமி மலைய கரைச்சி ஊத்திட்டாரு" என்றார் அப்பா. குரலில் கிண்டல் பாதிதான் இருந்தது. மீதி எங்கோ இறங்கிவிட்டிருந்தது. சுவர்ப்பக்கமாகத் திரும்பப் பார்த்தார், இடுப்பு விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

திட்டக்கூடாது என்பதெல்லாம் எனக்கு மறந்துபோனது. "என்ன சாமி இது? வெறும் கண்ணாடின்னு நூறு தடவ சொன்னேன். கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டானா?"

அவருக்கு நான் எடுத்துக்கொடுத்த பொய் அது. பிடித்துக்கொண்டு தப்பியிருக்கலாம். தலையைச் சொறிந்தார்.

"கடையில ரெண்டும் இருந்துச்சு. நான்தான் இத எடுத்தேன். படுக்கற ரூமு. பெரியவரு லுங்கி விலகிப் படுத்திருக்காரு, அம்மா தொடச்சி வுடறாங்க. தீபத்தன்னிக்கி லட்சம் பேரு ரோட்ல போவான், எல்லாம் உள்ளதான் பாப்பான். மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

 மலை உள்ளே வருவதைப் பற்றி அத்தனை யோசித்தவன், ரோடு உள்ளே வருவதைப் பற்றி யோசிக்கவில்லை.

"என் மானத்த நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா, கண் திறக்காமல். "மாத்து."

"மாத்த முடியாதுங்க. வெறுங்கண்ணாடில பெரிய பீஸு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, அதையும் ஒருத்தர் எடுத்துக்கினு போயிட்டாரு. இனிமே வேலூர்லேர்ந்து வரணும். தீபம் முடியற வரிக்கும் லாரிய ஊருக்குள்ள வுடமாட்டான்." சட்டத்தின் மூலையைத் தடவிப் பார்த்தார். "தீபத்தன்னிக்கி மத்தியானம் வரேன். ஏதாவது பண்றேன்."

"வருவியா?"

"மாலையோட சொல்றேன், ஐயா."

நான் நம்பவில்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். தீபத்தன்று ஊருக்குள் ஆளே நுழைய முடியாது. சைக்கிளைக்கூட நிறுத்திவிடுவார்கள். ஆனால் மூன்று மணிக்கு, கூட்டத்துக்கு எதிர்த்திசையில், வெறுங்காலில், தோளில் கருவிப் பையோடு அவர் வந்தார். கிளம்பிய இடத்திலிருந்து நடந்தே வந்ததாகச் சொன்னார். வாசலில் தண்ணீர் கேட்டுக் காலைக் கழுவினார்.

சட்டத்தின் கட்டைகளை உளியால் நெம்பினார். தலையில்லாத ஆணிகள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு வந்தன. மக்கு இன்னும் இறுகவில்லை. இருவருமாகக் கண்ணாடியை ஒரு குழந்தையை இறக்குவதுபோல் இறக்கிச் சுவரில் சாய்த்தோம். சட்டத்தில் இப்போது ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததில் மலை முழுசாக நின்றது.

காற்றும் வந்தது. அம்மா அப்பாவுக்குக் குரங்குக் குல்லா மாட்டி, இரண்டு போர்வை சுற்றி, வேட்டியை இடுப்போடு இறுக்கிக் கட்டி, "இளைப்பு வந்துச்சுன்னா உங்க ரெண்டு பேரையும் சும்மா வுடமாட்டேன்" என்று எங்களைப் பார்த்துச் சொன்னாள். ஆசாரி கட்டிலின் தலைமாட்டில் குனிந்து, படுத்தபடி உச்சி தெரியாது என்று கண்டுகொண்டு, தானே அப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் நெஞ்சில் அவரைச் சாய்த்துக்கொண்டார். துளசிமணி குல்லாவில் உரசியது.

"மணி குத்துதுய்யா."

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்க. கழட்ட முடியாது."

ஆறு மணி. ரோடு சத்தமில்லாமல் நின்றது. பிறகு உச்சியில் ஒரு பொட்டு. அது நடுங்கியது, ஊன்றிக்கொண்டது, நிமிர்ந்தது. ஊரின் மொத்தத் தொண்டையும் ஒன்றாகத் திறந்து அரோகரா என்றது. அம்மா அழுதாள். ஆசாரி கையெடுத்துக் கும்பிடவில்லை. கும்பிட்டால் அப்பா சாய்ந்துவிடுவார். நான் மலையை அரைக்கண்ணாலும் அப்பாவை முழுக்கண்ணாலும் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு தடவைகூட கண் சிமிட்டவில்லை. நெஞ்சில் விசில் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுபோல் அவர் மூச்சை மெதுவாக விட்டார்.

வெகுநேரம் கழித்து ஆசாரி கேட்டார். "பாத்தீங்களா ஐயா?"

"பாத்தேன். ஒம்பது பஸ்ஸு. பத்தாது. இந்தக் கூட்டத்துக்கு இன்னும் ரெண்டு வுட்டிருக்கணும்."

"ஐயா, இன்னிக்கி பஸ்ஸெல்லாம் ஊருக்கு அந்தாண்டயே நிறுத்திட்டான். இங்கேர்ந்து ஒரு பஸ்ஸுகூட தெரியாது."

"நானா மாலை போட்டுக்கினு இருக்கேன்?" என்றார் அப்பா.

அகல் விளக்கு ஏற்ற அம்மா வாசலுக்குப் போனாள். பழைய போர்வை ஒன்றைச் சட்டத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டுவிட்டு ஆசாரி பையை எடுத்தார். அன்றிரவு அவர்கள் குழுவில் பஜனை. நாற்பத்தெட்டு நாள் முடிந்ததும் இருமுடி கட்டு, சபரிமலைப் பயணம். தெருமுனை வரை கூடவே நடந்தேன். நன்றி சொல்ல நினைத்தேன், வாயில் வந்தது வேறு.

"வெறுங்கண்ணாடி எப்ப சாமி போடுவீங்க?"

அவர் நின்று, தாடியைத் தடவிக்கொண்டு, உண்மையாகவே யோசித்தார்.

"இப்ப கேக்காதீங்க சாமி. மலைக்குப் போய்ட்டு வந்து மாலைய கழட்டினப்புறம் கேளுங்க. நாளைக்கேன்னு சொல்றேன்."