பதினேழாம் நம்பர் போனில் அடித்த மணி

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே மூடி வைத்துவிடலாம். நடந்த இடம் திருப்பதி. நடந்த நாள் 2009 ஜூன் 12, வெள்ளிக்கிழமை. நேரம் மதியம் 2.17. வெளியே கண் கூசுகிற வெயில். பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று எவன் சொன்னானோ, அவனைக் கொண்டுவந்து பிளெஸ்ஸியின் முன்னால் நிறுத்த வேண்டும்.

பிளெஸ்ஸி சித்தூர்ப் பெண். பழைய மிஷன் சபைக் குடும்பம். வயது இருபத்தாறு. வீட்டுக்கு ஒரே பிள்ளை, சம்பளம் வாங்குகிற ஒரே ஆளும் அவள்தான். திருப்பதியில் ஒரு மூன்றாவது மாடிக் கம்பெனியில் டெஸ்டராக இருந்தாள். கேசட் போட்டு டிவியில் ஆடுகிற காலத்து ஜப்பான் வீடியோ விளையாட்டு ஒன்று. நாலு பேர் ஊர் ஊராக நடந்து போய்ச் சண்டை போடுவார்கள், கதை நீண்டுகொண்டே போகும். பதினெட்டு வருடம் பழசு. அதைப் பட்டன் போனுக்குள் அடைத்துத் தருவதுதான் கம்பெனிக்கு வந்த வேலை. ஜப்பானில் ஆள் வைத்துச் செய்தால் கட்டுப்படியாகாது, இங்கே எம்.சி.ஏ. படித்த பிள்ளைகள் மலிவு. உலகத்துக் கதவெல்லாம் திறந்துவிட்டது என்று அப்போது எல்லாரும் குதித்தார்கள். பிளெஸ்ஸிக்குத் திறந்தது அந்த மூன்றாவது மாடிக் கதவு ஒன்றுதான்.

நாற்பத்திரண்டு மாடல் போன்கள் நம்பர் ஒட்டி மேஜைமேல் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் முழு விளையாட்டையும் அவள் ஆடிப் பார்க்க வேண்டும்.

அந்த விளையாட்டில் ஒரு ஏற்பாடு. நாலு பேரில் ஒருவர் செத்தால் சவப்பெட்டியாகி மற்றவர்கள் பின்னாலேயே இழுபட்டு வருவார். ஊருக்குள் சிலுவை வைத்த கோயில் இருக்கும். வெள்ளை அங்கி போட்ட பாதிரியார், 'எழுப்பட்டுமா?' என்று கேட்பார். 'ஆம்' அமுக்கினால் மணி ஒரே ஒரு அடி அடிக்கும். பெட்டி மறையும். ஆள் எழுந்து நிற்பார். 'இல்லை' அமுக்கினால் பெட்டி பெட்டியாகவே இருக்கும். பிளெஸ்ஸி ஒரு நாளைக்கு இருநூறு தடவை செத்தவர்களை எழுப்பிக்கொண்டிருந்தாள்.

மே மாதம் அவளைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு லேபில் மூன்று வாரம் டெஸ்டிங். உள்ளே போகும்போது சொந்த போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மே 15, காலை. சித்தூரில் அவளுடைய அம்மா தபீதாள் சமையல்கட்டில் விழுந்தாள். சர்க்கரை வியாதிக்காரி. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து நாடி பார்த்தார், போய்விட்டது என்றார். அப்பா சுந்தர்ராஜ் மகளுக்கு அடித்துப் பார்த்தார். போன் லாக்கருக்குள் கத்திக்கொண்டு கிடந்தது. பிறகு திருப்பதி ஆபீசுக்கு அடித்தார். டீம் லீடர் உமாபதி எடுத்தார். மணி 10.40. "நான் சொல்லிட்றேன் சார்" என்றார்.

சொன்னார். சாயங்காலம் 5.15க்கு.

அன்றைக்குத்தான் வேலையை ஜப்பானுக்கு அனுப்பக் கடைசி நாள். அனுப்பி முடித்துவிட்டுச் சொன்னார். "முன்னாடியே சொன்னா நீ டென்ஷன் ஆயிருப்பம்மா. ஏம் சேஸ்தாம் செப்பு?" என்ன செய்வது, சொல்லு என்று தெலுங்கில் முடித்துக்கொண்டார். அந்த மனுஷன் நாசமாகப் போகட்டும் என்று பிளெஸ்ஸி இன்றைக்கும் வாய்விட்டுச் சொல்வாள். அதில் ஒரு எழுத்தைக்கூடக் குறைக்க மாட்டாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மே மாத வெயில், ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் இல்லை. மதியமே பெட்டியை மூடி ஆணி அடித்துவிட்டார்கள். ஐந்து மணிக்கெல்லாம் மண் தள்ளியாயிற்று. ஆபீஸ் மாலை மட்டும் நேரத்துக்குப் போயிருந்தது. அனுப்ப முடிந்த ஆள் என்று சவுண்டு வேலை பார்க்கிற கோபிகிருஷ்ணனை மாலையோடு அனுப்பியிருந்தார்கள்.

அவளுக்கு ஆறாமல் போனது மணி. அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைக் கோயில் முகப்பில் ஒரு பெஞ்சில் வைப்பார்கள். எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்கள். பெற்ற பிள்ளைகள் மட்டும் பெட்டியோடு நிற்பார்கள். மேலே மணி அடிக்கும், வயசுக்கு ஒரு அடி. பிள்ளைகள் பெட்டிமேல் கையை வைத்து அத்தனை அடியையும் எண்ணி முடித்த பிறகுதான் பெட்டி உள்ளே போகும். தபீதாளுக்கு ஐம்பத்துநாலு அடி. எண்ண ஆள் இல்லாமல் அடித்து ஓய்ந்தது.

ஜூன் 8, திங்கள். பிளெஸ்ஸி வேலைக்குத் திரும்பினாள். ஜப்பான்காரர்கள் சில திருத்தங்கள் கேட்டிருந்தார்கள். மணிக்குப் புது சத்தம் போட்டிருந்தது. பதினேழாம் நம்பர் போனில் 'ஆம்' அமுக்கினாள். மணி அடித்தது.

அடித்து முடிந்த பிறகு ஈ பறக்கிற மாதிரி ஒரு இரைச்சல் இழுக்கும். அது அவள் பிறந்ததிலிருந்து கேட்ட மணி.

"கோபி, இந்த மணி எங்க எடுத்த?"

"உங்க சர்ச்சிலதான் அக்கா. அன்னிக்கி மாலை எடுத்துக்கினு வந்தேனே, அப்போ. என்னா நிதானமா அடிச்சாங்க! ஒரு அடிய தனியா வெட்றதுக்கு சுளுவா இருந்திச்சி."

அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான். பாலசமுத்திரத்துக்காரன், சர்ச் வழக்கம் தெரியாதவன். கோயில் மணி எதற்கு அடித்தாலும் அவனுக்கு நல்ல சகுனம்தான். அது சாவு மணி என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பிளெஸ்ஸியும் சொல்லவில்லை. சொன்னால் எடுத்துவிடுவான். அம்மாவுக்கு அடித்த மணியில் அவள் காதில் விழுந்தது இந்த ஒரு அடிதான்.

செவ்வாய். அந்த மாதம் தினமும் 2 மணியிலிருந்து 4 மணி வரை கரண்ட் இருக்காது. எல்லாரும் கீழே டீக்கடைக்குப் போய்விடுவார்கள். போனில் சார்ஜ் இருந்ததால் பிளெஸ்ஸி மட்டும் மேலே இருந்தாள். 2.20க்குப் பதினேழாம் போனில் 'ஆம்' அமுக்கினாள். மணி அடித்தது. ஐந்து விநாடி கழித்து... இன்னொரு அடி.

புகார் எழுதினாள். கோபி தலையைச் சொறிந்தான். "மணிக்கு எடமே இருபது கேபிதான் அக்கா. ஒரு அடிக்கு மேல அதுல அடங்காது." போட்டுக் காட்டினான். ஒரு அடிதான்.

புதன், அதே 2.20. ஒன்பது அடி. மற்ற நாற்பத்தோரு போனிலும் ஒரு அடிதான்.

அன்று சாயங்காலம் பிளெஸ்ஸி தன் புகாரைத் தானே அழித்தாள். ஏன் என்று கேட்டால் மறைக்க மாட்டாள். அவளுக்கு ஐம்பத்துநாலும் வேண்டும். எண்ணி முடிக்க வேண்டும்.

வியாழன், முப்பது அடி. வேறு சிலதும் சரியில்லை. நடக்கிற மூன்று பேரும் நின்ற பிறகு, பின்னால் வந்த பெட்டி மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து வந்தது. பாதிரியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அப்படி ஒரு படமே விளையாட்டில் கிடையாது. பார்த்தாள். எழுதவில்லை.

வெள்ளி. 2 மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. எல்லாரும் இறங்கிப் போனார்கள்.

2.17. பதினேழாம் போனை எடுத்தாள். கோயிலுக்குள் நுழைந்தாள். 'எழுப்பட்டுமா?' ஆம்.

ஒன்று. இரண்டு. மூன்று...

அவள் இடது கையை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டாள். பெட்டிமேல் வைக்கிற மாதிரி. கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை. துடைத்தால் எண்ணிக்கை தவறிவிடும்.

ஒன்பது. பத்து. பதினொன்று.

டொக்.

ஜன்னல் கதவு என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். காற்றே இல்லை.

பன்னிரண்டு. டொக்... டொக்.

சத்தம் போனிலிருந்து வந்தது. போன் பிடித்த வலது கையில் ஒவ்வொரு தட்டும் உறைத்தது. அந்த மாடலுக்கு வைப்ரேட்டரே கிடையாது.

இருபது. டொக் டொக். இருபத்தைந்து. டொக் டொக் டொக்.

வேகம் கூடியது. கீழே வைத்துவிடலாம். ஆனால் எண்ணி முடிக்கவில்லையே...

முப்பத்தெட்டு. இப்போது தட்டு மெதுவானது.

நாற்பத்தைந்து. ஒரே ஒரு தட்டு. சோர்ந்த தட்டு.

ஐம்பத்திரண்டு.

ஐம்பத்துமூன்று.

ஐம்பத்துநாலு.

அமைதி. 2.22.

திரையில் எழுத்து வந்தது. வரக்கூடாத எழுத்து. பாதிரியார் ஒரு தடவைதான் கேட்க வேண்டும்.

'எழுப்பட்டுமா?'

டொக்.

பிளெஸ்ஸி 'இல்லை' அமுக்கினாள்.

யோசிக்கவில்லை. பயம். கட்டைவிரல் தானாகப் போனது.

தட்டு நின்றது. பெட்டி மெல்ல நகர்ந்தது. யாரும் இழுக்கவில்லை. திரையின் கீழ் ஓரம் வரைக்கும் போய், வெளியே போய்விட்டது. மூன்று பேர் மட்டும் நின்றார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் போனில் மணி ஒரு அடிக்கு மேல் அடிக்கவே இல்லை. எத்தனையோ தடவை அமுக்கிப் பார்த்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, காலை 10 மணி. கோபியிடம் முழு ரெக்கார்டிங்கைக் கேட்டாள்.

"இருக்குதுக்கா. ஆனா முழுசும் நல்லா இல்ல. பத்து அடிக்கு அப்பறம் டொக்கு டொக்குன்னு ஏதோ சத்தம். அதனாலதான் மூணாவது அடிய வெட்டி எடுத்தேன்."

"என்ன சத்தம்?"

"தெர்லக்கா. எனக்குக் கேக்கல. வெயில் தாங்காம நான் மரத்தாண்ட போய் நின்னுக்கினேன். ரெக்கார்டு போட்ட போனு மட்டும்தான் அங்க இருந்திச்சி."

"எங்க?"

"பெட்டி வெச்சிருந்தாங்களே... அந்த பெஞ்சு மேல."

ஹெட்போன் மாட்டிக் கேட்டாள். தொடக்கம் 3.52 என்று பதிவாகியிருந்தது. ஐம்பத்துநாலு அடி. பதினொன்றாவது அடியில் முதல் தட்டு. முப்பது வரை வேகம். முப்பத்தெட்டில் மெதுவாகிறது. கடைசி அடி அடங்கியதும் ஒரே ஒரு தட்டு. அதற்குள் கோயிலுக்குள்ளே எல்லாரும் எழுந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டுச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

வெயிலுக்கு மரம் விரிசல் விட்டால் அப்படிச் சத்தம் வரும் என்றான் கோபி. இருக்கலாம். குழியைத் தோண்டிப் பார்க்கச் சொல்ல பிளெஸ்ஸிக்குத் துணிவில்லை. அப்பாவிடம் இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெங்களூரிலிருந்து சித்தூருக்கு பஸ்ஸில் நாலு மணி நேரம். உமாபதி 10.40க்கே சொல்லியிருந்தால், 3.52க்கு அவள் கை அந்தப் பெட்டிமேல் இருந்திருக்கும்.