சொட்டு நின்ற கீசர்

கீசர் ரிப்பேருக்குப் பெண்ணாக நான் போய் நின்றால், பெங்களூரில் முதலில் என் முதுகுக்குப் பின்னால்தான் பார்ப்பார்கள், ஆம்பளை யாராவது வருகிறாரா என்று. மல்லேஸ்வரத்து அந்த வீட்டில் அப்படிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்த பெரியவர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா வாம்மா. எல்லாரும் தூங்குறாங்க."

நல்ல பகல். ஆனாலும் வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை மிதந்தது. அவர் மகள் சௌம்யா பிள்ளை பெற்று வந்திருந்தாள். இந்த ஊரில் பாணந்திக் குளியல் என்பார்கள், பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு சிவக்கச் சிவக்க வெந்நீர் ஊற்றுவார்கள். அதற்காக கீசரை ஃபுல்லில் திருப்பி வைத்திருந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் புகைக்குள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஜீவனஹள்ளியிலிருந்து பஸ் மாறி வந்த எனக்கே கண் சொக்கியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் கடகடவென்று ஓர் உருட்டல், பிறகு 'உம்ம்ம்' என்று நீண்ட முனகல். கல்யாண வீட்டு அண்டாவில் உலை கொதிப்பது மாதிரி இருந்தது.

"எத்தனை நாளா சார் இப்படி?"

"நேத்துலேர்ந்து. கீழ் வீட்டுக்காரங்கதான் கம்ப்ளெய்ண்ட் பண்ணாங்க. எங்களுக்கு ஒண்ணும் தொந்தரவில்ல."

பாத்ரூமை ஒட்டிய அறையில், நெஞ்சில் குழந்தையோடு படுத்திருந்த சௌம்யா பாதிக் கண்ணைத் திறந்தாள். "அக்கா, அத மட்டும் நிறுத்திடாதீங்க. அந்தச் சத்தத்துக்குத்தான் இவ தூங்குறா. குளிச்சு முடிச்சும் நாங்க ஸ்விட்ச்ச அணைக்கல. நானே நேத்துதான் கண்ண மூடினேன்."

நான் குனிந்து கீசரின் அடியைப் பார்த்தேன். சேஃப்டி வால்வின் வாயில் எம்-சீல் பசை அப்பியிருந்தது. விரலால் தடவித் தடவி, அழகாக வழவழப்பாக்கி வைத்திருந்தார்கள்.

தண்ணீர் சூடானால் பெருகும். பெருகிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியேறும் வழி அந்த வால்வுதான். அதை அடைத்துவிட்டு, சூடு ஏறியதும் கரண்டை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட்டும் கட் ஆகாமல் உள்ளே கொதித்துக்கொண்டே இருந்தால், சுவரில் மாட்டியிருப்பது கீசர் இல்லை, குண்டு. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் தாயும் பிள்ளையும் கிடந்தார்கள்.

ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டுச் சௌம்யாவிடம் கத்தினேன். "எழுந்து ஹாலுக்கு வா. இப்பவே வா."

முனகல் மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது. அது நின்ற கணமே குழந்தை வீரிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்த சௌம்யாவுக்கும் அழுகை வந்துவிட்டது. "என்னக்கா பண்ணீங்க?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "யார் சார் இத அடைச்சது? கொள்ளிக்கட்டைய எடுத்துத் தலைய சொறிஞ்சிருக்கீங்க."

"நான்தாம்மா," என்றார் பெரியவர். "டொக்கு டொக்குனு சொட்டிக்கிட்டே இருக்கும். பொண்ணு கண்ணு மூடவே இல்ல. வாஷர் போயிருக்கும்னு நெனச்சேன்." நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். மகள் தூங்கட்டும் என்று செய்த காரியம். அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

சூடு ஆறும்வரை காத்திருந்து திறந்தேன். டேங்கர் தண்ணீரின் உப்பு, சூடேற்றும் எலிமெண்டில் சுண்ணாம்புக் கல்லாகப் படிந்திருந்தது. அதுதான் அந்த உருட்டல். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு செத்திருந்தது. அதையும் வால்வையும் மாற்றினேன். எலிமெண்டைச் சுரண்டிக் கழுவி மாட்டினேன். அவ்வளவு நேரமும் குழந்தை அழுகையை நிறுத்தவில்லை.

மறுபடி ஆன் செய்தபோது கீசர் சத்தமே இல்லாமல் ஓடியது. என் தொழிலில் அதற்குப் பாராட்டுத்தான் கிடைக்கும். அந்த வீட்டில் மூன்று பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள், குழந்தையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெரியவர் குழந்தையைத் தோளில் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் நடந்தார். பிறகு வெட்கத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தொண்டைக்குள்ளிருந்து 'உம்ம்ம்' என்றார். அச்சு அசல் கீசர். குழந்தை விசும்பலை நிறுத்திக் கேட்டது. அவர் முனகியபடியே புகைக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். சௌம்யா சோபாவில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள். குழந்தையின் கை அவர் தோளிலிருந்து தொங்கியது.

வால்வுக்கு அடியில் நான் வைத்திருந்த பக்கெட்டில் டொக் என்று ஒரு சொட்டு விழுந்தது. பெரியவர் நின்றார். முனகலை விடாமலே என்னைப் பார்த்தார். கண்கள் நிறைந்திருந்தன. எனக்கும்தான், மறைப்பானேன்.

இப்போது என்னிடம் இந்த வேலை பழக வரும் பெண்களிடம் இதைச் சொல்வேன். கீசர் சத்தம் போட்டால் முதலில் மெயினை அணை. யார் கெஞ்சினாலும் அணை. சொட்டுகிற வால்வை ஒருநாளும் அடைக்காதே.

இன்றும் சில காலைகளில் அவரிடமிருந்து போன் வரும். எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் கேட்க மாட்டார்.

"சொட்டுதும்மா," என்பார்.

"சொட்டட்டும் சார்," என்பேன்.