மார்த்தாள் சொன்னதும் நான் சொன்னதும்

ஒரு பெண் சபை நடுவே எழுந்து நின்று, தன் புருஷனைக் காப்பாற்றும்படி கெஞ்சினாள். அவள் கடவுளுக்கு நன்றி சொல்வதாக நான் மொழிபெயர்த்தேன். அவள் புருஷன் செத்துப்போனான்.

இதுதான் என் குற்றம். நீங்கள் இத்துடன் படிப்பதை நிறுத்திவிட்டாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னவன் ஆவேன்... ஆனால் நிறுத்தாதீர்கள். என் மனைவிக்குக்கூடத் தெரியாததை உங்களிடம் சொல்லத் துணிந்திருக்கிறேன்.

அப்போது நான் ரயில்வேயில் கிராணி. குமாஸ்தாவை இந்த நாட்டில் அப்படித்தான் அழைப்பார்கள். பிரிக்பீல்ட்ஸில், தண்டவாளத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். பாளையங்கோட்டையில் படித்த ஆங்கிலம் கோலாலம்பூரில் எனக்குச் சோறு போட்டது. மரியாதையும் தேடித் தந்தது. எங்கள் தமிழ்ச் சபைகளைக் கவனித்துவந்த வெள்ளைக்காரப் பாதிரியாருக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். அவருக்குத் தமிழில் ‘ஸ்தோத்திரம்’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் ஒழுங்காக வராது. அவர் ஒரு வாக்கியம் சொல்வார். நான் அதைத் தமிழாக்குவேன். ஜனங்கள் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு என் குரலைக் கேட்பார்கள். அந்தப் பெருமை எத்தகையது என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்!

அந்த ஆண்டுக்கு ‘எழுப்புதல் ஆண்டு’ என்று பெயர் வைத்திருந்தோம்.

அதுவரை எங்கள் சபைகள் ஒன்றையொன்று ஏறிட்டுப் பார்த்ததில்லை. பிரிக்பீல்ட்ஸ் சபை கிராணிமார்களுடையது. கிள்ளான் சபை கடைக்காரர்களுக்கும் வாத்தியார்களுக்கும். தோட்டங்களில் இருந்த சின்னச் சின்னச் சபைகள் ரப்பர் மரம் சீவும் ஜனங்களுடையவை. யார் யாருடன் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது ஊரிலிருந்து கப்பலேறி வந்தபோதே எங்களோடு சேர்ந்து வந்துவிட்டிருந்தது. “ஓர் ஆண்டு, ஒரே ஓர் ஆண்டு சேர்ந்து வேலை செய்து பாருங்கள்” என்று கேட்டார் பாதிரியார்.

செய்தோம். சத்தியமாகச் செய்தோம்! கிள்ளான் ஆலயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கிராணிமார்கள் காற்சட்டையை மடித்துக்கொண்டு ஏணியில் ஏறினோம். பந்திங் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து எங்களுக்குக் கீர்த்தனை சொல்லிக்கொடுத்தார்கள். கள்ளுக்கடை வாசல்களில் நின்று பாடினோம். குடியை விட்டவர்களும் உண்டு. அசன விருந்தில் என் மனைவி தோட்டத்துப் பெண்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வீடு திரும்பும் வழியில், “இத்தனை நாள் நாம ஏன் இப்படி இருந்தோம்?” என்று என்னைக் கேட்டாள்.

இவையெல்லாம் பொய்யா? இல்லையே... அதுதான் என்னை இன்னும் வதைக்கிறது.

அந்த ஆண்டின் நிறைவாக, கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்தின் ஓரத்தில், எல்லாச் சபைகளும் சேர்ந்து புதிதாக ஓர் ஆலயம் கட்டினோம். மரம் வேண்டியிருந்தது. மரத்தை ஆற்றங்கரையிலிருந்து மேட்டுக்குச் சுமந்து வர ஆட்கள் வேண்டியிருந்தது. இரண்டையும் தேவசகாயம் கங்காணி பார்த்துக்கொண்டார். அந்தத் தோட்டத்தில் கூலிகளை ஊரிலிருந்து அழைத்து வந்தவரும், வேலை வாங்கியவரும் அவரே. சபைக்கும் மூப்பர். காலையில் ரப்பர் பால் வெட்டி முடித்த ஆட்கள் பிற்பகலில் மரம் சுமந்தார்கள். சனிக்கிழமைகளில் நாங்கள் போய் ஆணி அடித்தோம், தேநீர் குடித்தோம், பாட்டுப் பாடினோம். சுமந்தவர்களிடம், ‘நீங்கள் மனம் உவந்துதான் சுமக்கிறீர்களா?’ என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிரதிஷ்டை நாள் வந்தது. தென்னங்குருத்துத் தோரணம், புது மரத்தின் வாசனை, எல்லாச் சபை ஜனங்களும்! பாதிரியார் தம்முடைய காரில் வந்து இறங்கினார். கங்காணி சரிகைத் துப்பட்டா போர்த்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். பிரசங்கம் முடிந்ததும், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லலாம் என்றார் பாதிரியார். இரண்டொருவர் சொன்னார்கள். நான் ஆங்கிலமாக்கினேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மார்த்தாள் எழுந்தாள்.

அவள் அந்தத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், குடியிருந்து பால் வெட்டுகிறவள். அவளும் அவள் புருஷன் ஏசடியானும் அந்த ஆண்டில்தான் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். முக்காடு நழுவுவதைக்கூடக் கவனிக்காமல் அவள் என்னைப் பார்த்துப் பேசினாள்.

“கிராணியய்யா, தொரைகிட்ட சொல்லுங்க. எம் புருஷன் லயத்துல கெடக்குறாரு. காய்ச்சலோட மரம் தூக்கச் சொன்னாங்க. முடியலன்னு உக்காந்துட்டாரு. கங்காணி வயித்துலயே உதைச்சிட்டாரு. ரத்தமா வாந்தி எடுக்குறாருய்யா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடமாட்டேங்குறாங்க. தொரைகிட்ட காரு இருக்கில்ல... கிள்ளான் ஆஸ்பத்திரி வரைக்கும் ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லுங்க. ஒங்க கால்ல விழுறேன்.”

கங்காணி திரும்பிப் பார்க்கவில்லை. துப்பட்டாவைத் தோளில் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான்.

பாதிரியார் என் பக்கம் சாய்ந்து, “சகோதரி என்ன சொல்கிறாள்?” என்று கேட்டார்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன்? எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன்... கங்காணிக்குப் பயந்தேனா? ரயில்வே கிராணியை அவர் என்ன செய்துவிட முடியும்! இல்லை. ஓர் ஆண்டாக நாங்கள் கட்டியெழுப்பியது என் வாயாலேயே இடிந்து விழப்போகிறதே என்று நினைத்தேன். பாதிரியாரின் மலர்ந்த முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு அழகான நாளில் இவள் ஏன் எழுந்தாள் என்று... ஆம், அவள்மேல் எனக்கு எரிச்சல் வந்தது! உங்களிடம் மறைப்பானேன்?

“தன் கணவர் இந்த ஆலயத்துக்கு மரம் சுமக்கும் பாக்கியம் பெற்றதற்காகக் கடவுளைத் துதிக்கிறாள். அவருக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லையாம். உங்கள் ஜெபத்தைக் கேட்கிறாள்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

எவ்வளவு சாமர்த்தியம் பார்த்தீர்களா! அதில் மரம் இருந்தது. கணவன் இருந்தான். நோய்கூட இருந்தது.

பாதிரியாரின் கண்கள் கலங்கின. இரு கைகளையும் உயர்த்தி, தமக்குத் தெரிந்த அந்த ஒரே தமிழ்ச் சொல்லை உரக்கச் சொன்னார். “ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!”

மார்த்தாள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“தொரை என்ன சொல்றாங்க, கிராணியய்யா?”

“உனக்காக ஜெபம் பண்றாரும்மா. உக்காரு. அப்புறமாப் பேசிக்கலாம்.”

அவள் உட்காரவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியேறினாள். நாங்கள் அடுத்த கீர்த்தனையைப் பாடினோம்.

நான் சொன்னது காதில் விழும் தூரத்தில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கிள்ளான் வாத்தியார். விருந்தில் எனக்குச் சோறு பரிமாறியபடி அவர் காதோடு சொன்னார்: “நல்லா சமாளிச்சிட்டீங்க, அண்ணே. இல்லேன்னா இன்னிக்கி நம்ம மானம் போயிருக்கும்.” நான் அவரைக் கடிந்துகொண்டேனா? சிரித்தேன்!

‘அப்புறம்’ என்று அவளிடம் சொன்னேனே, அதைப் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை. விருந்து முடிந்ததும் பாதிரியாரைத் தனியே அழைத்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். கார் அங்கேயே நிழலில் நின்றது. லயங்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் இருந்தன. ஆனால் அவரைச் சுற்றி ஜனங்கள்... வாழ்த்துகள்... மாலைகள்... அவர் புறப்பட்டுவிட்டார். தோட்டத்துச் சபையில் ஜெபம் நடத்திவந்த உபதேசியாரிடம், “அந்த ஆளக் கொஞ்சம் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு நானும் கிள்ளானுக்குப் போய் ரயிலேறினேன். பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை வண்டியில் எல்லாரும் பாடிக்கொண்டே வந்தோம். நானும் பாடினேன்.

அந்த வாரமே உபதேசியார் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“ஏசடியான் தவறிட்டாரு, கிராணியய்யா. நீங்க போன மறுநாளே.”

“ஆஸ்பத்திரிக்கு...”

“யாரு விட்டா? காய்ச்சல்னு சொல்லிப் பொதைச்சாச்சு.”

மார்த்தாள் எப்படி இருக்கிறாள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போலீஸுக்குப் போயிருக்கலாம். பாதிரியார் வீட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். ‘செத்தவன் திரும்பியா வரப்போகிறான்?’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன மனிதன் நான்!

அதன்பின் அந்தப் புது ஆலயம் காலியாகிக்கொண்டே வந்தது. ஏன் என்று உங்களுக்குப் புரிகிறதல்லவா? மார்த்தாள் சொன்னது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் விளங்கியது. அதைக் கேட்ட பாதிரியார் கைகளை உயர்த்தி ஸ்தோத்திரம் சொன்னதையும் அவர்கள் கண்ணால் கண்டார்கள். அப்படிப்பட்டவரின் கடவுள் அவர்களுக்கு எதற்கு?

“ஏன் அவர்கள் வருவதில்லை?” என்று பாதிரியார் என்னைக் கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா!

“மறுபடியும் கள்ளுக்கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள், ஐயா” என்றேன்.

அவர் நம்பினார். அடுத்த ஞாயிறு பிரிக்பீல்ட்ஸ் ஆலயத்தில், குடியில் விழுந்துபோன அந்த ஜனங்களுக்காகக் கண்ணீர் விட்டு ஜெபித்தார். அந்த ஜெபத்தையும் நானே தமிழாக்கினேன். ஒரு சொல் பிசகாமல்! பின்னர் அவர் தம் நாட்டுக்குப் போய், அங்கேயே காலமானார். அந்த ஜனங்களைக் குடிகாரர்கள் என்று எண்ணிக்கொண்டேதான் கண்ணை மூடியிருப்பார்.

இனி ஒன்றுதான் சொல்ல மீதி இருக்கிறது. இதைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் சொன்னேனோ என்னவோ...

சில வருடங்கள் கழித்து ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்கு அனுப்பின. அவர்களை ஏற்றிவரும் ரயில்களைக் கவனிக்க என்னைக் கிள்ளானுக்கு அப்பால் துறைமுகத்துக்குப் போட்டிருந்தார்கள். ஒருநாள் சரக்குக் கொட்டகையின் ஓரத்தில், தகரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். நரைத்த தலை. நெற்றியில் திருநீறு. குரலைக் கேட்ட பிறகே அடையாளம் தெரிந்தது.

“கிராணியய்யாதானே? நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேம்மா. ஊருக்கா?”

“ஆமா. இங்க எனக்கு யாரு இருக்கா?”

நான் நகரப் பார்த்தேன். அவள் விடவில்லை.

“ரொம்ப நாளா ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு நான் சொன்னத தொரைகிட்ட அப்படியே சொன்னீங்களா?”

அங்கே சபை இல்லை. கங்காணி இல்லை. பாதிரியார் இல்லை. காப்பாற்ற வேண்டிய மானம் ஒன்றும் மிச்சமில்லை. இல்லையம்மா என்று சொன்னால் போதும்! அதற்காகவே கடவுள் அவளை என் எதிரே கொண்டுவந்து நிறுத்தினாரோ?

“சொன்னேம்மா” என்றேன்.

“ஒதைச்சத?”

“சொன்னேன்.”

“ரத்த வாந்தி எடுத்தத?”

“எல்லாத்தையும் சொன்னேம்மா.”

அவள் மெதுவாகச் சொன்னாள்.

“நீங்கதான் மாத்திச் சொல்லிட்டீங்களோன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன். ஒங்கள மனசுக்குள்ள எவ்வளவோ திட்டியிருக்கேன். பாவம், நீங்க என்ன செய்வீங்க! மன்னிச்சிருங்க, கிராணியய்யா.”

கை கூப்பினாள். என்னிடம்! என்னிடம் மன்னிப்புக் கேட்டு நின்றாள்.

“பரவாயில்லம்மா” என்றேன்.

அவள் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் போய்ச் சேர்ந்தாள். எந்த ஊருக்குப் போகிறாள் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தெரிந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதாமல் அவளுக்கு எழுதியிருப்பேனா?

மாட்டேன்.