திருவிழாவுக்கு முந்திய ஊசி

எண்பதுகளின் தொடக்கத்தில், என் இடுப்பு வலிக்கு மதுரையில் ஒரு டாக்டர் முதுகுத்தண்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டார். அதற்கு முன் தைலம், ஒத்தடம், பற்று என்று எல்லாம் பார்த்து அலுத்திருந்தேன். ஊசி இறங்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் வலி விட்டது. குனிந்து என் கால் நகத்தை நானே வெட்டிக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

"வலிதான் அடங்கியிருக்கு, இடுப்பு இன்னும் தேறலம்மா. இப்ப ரெஸ்ட் எடுத்தாத்தான் குணம் நிக்கும். குடம் கிடம் தூக்கிராதீங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். என் கணவரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். எந்தக் காதில் வாங்கினாரோ!

தேனிக்குத் திரும்பினால், நான் படுத்திருந்தபோது தள்ளிப்போட்ட வேலையெல்லாம் வரிசைகட்டி நின்றது. நெல் அவிக்க வேண்டும், மிளகாய் இடிக்க வேண்டும், பரணை ஒழிக்க வேண்டும்.

"குனியக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாக அத்தை" என்றேன்.

"பெறகு எதுக்கு ஆத்தா ஊசி?" என்றார் மாமியார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலி இருந்தால் நோயாளி, வலி விட்டால் வேலைக்காரி. இரண்டுக்கும் நடுவில் உடம்பு தேற ஒரு காலம் வேண்டும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் ஏறவில்லை. இரண்டே மாதத்தில் வலி திரும்பியது. மறுபடி ஊசி, மறுபடி வேலை, மறுபடி வலி.

அடுத்த தை மாதம் காலை ஊன்ற முடியவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கணவரிடம் கெஞ்சினேன்.

"இப்பப் போட்டா சித்திரைக்குள்ள வேகம் போயிரும். வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்னால போட்டுக்குவோம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வயலுக்கு உரம் வைக்கும் நாளைச் சொல்வது போலச் சொன்னார். திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் வீடுதான் சத்திரம், சமையல் என்னுடையது. அதற்காக மூன்று மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பங்குனி கடைசியில் கூட்டிப்போனார். "வலி எப்படிம்மா இருக்கு?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். பதில் கணவரிடமிருந்து வந்தது.

"திருவிழா முடியிற வரைக்கும் தாங்குற மாதிரி போட்டு விடுங்க சார்."

ஊசிக்காகப் படுத்திருந்த கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். "எனக்கு ஊசி வேணாம் சார்."

"ஏம்மா, வலி இல்லையா?"

"இருக்கு சார். வலி இருந்தாத்தான் என்னைய உக்கார விடுறாக."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "கிறுக்குப் பேச்சு பேசுறா சார், நீங்க போடுங்க" என்று கணவர் பதறினார். வலி இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இழுத்துக்கொண்டிருந்தது. அந்த ஊசிக்கு நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். சேலையைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பிடித்தபடியே வெளியே வந்தேன்.