நண்டு ரசமும் என் கட்சித் துண்டும்

ஓட்டு வீடு, போர் செட்டு, பிள்ளைகளுக்குக் காலேஜ் படிப்பு, எல்லாம் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் உண்டாக்கியவை. அவற்றைவிடப் பெரியது, நன்னிலம் பக்கம் எங்கள் தெருவில் இன்றும் வைக்கும் நண்டு ரசம்.

எங்கள் கட்சி ஆட்சிக்கு வந்த புதிது. அப்போது கூலி உயர்வு கேட்டு அறுப்பை நிறுத்தியிருந்தோம். பிள்ளைகள் பசியில் அழுதால் ஆட்கள் அரிவாளோடு மிராசுதார் வயலுக்கே திரும்பிவிடுவார்கள். காசில்லாமல் கிடைத்தது வாய்க்கால் நண்டுதான். வாளி நிறையப் பிடித்து வந்தேன். என் மனைவி மிளகு, சீரகத்தோடு இடித்துக் கரைத்தாள். நண்டு ஓடு பிள்ளைகள் தொண்டையில் சிக்குமே என்று, என் புத்தம்புதுக் கட்சித் துண்டில் வடிகட்டினேன். சாயம் போய், ரசம் கொடி நிறத்துக்கு வந்துவிட்டது.

"ஏன்யா, புள்ளைங்களுக்குக் கட்சியையா கரைச்சு ஊத்துற?"

"நம்ம ஆட்சிதானே புள்ள, ஒண்ணும் செய்யாது!"

"ஒன் ஆட்சிய நீயே குடி!" என்று கீழே கொட்டினாள்.

மறுபடியும் போய் நண்டு பிடித்தேன். அவள் பழைய வெள்ளை வேட்டியை வெந்நீரில் அலசி, அதில் வடிகட்டிக் கொதிக்கவைத்தாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் வயிறாரக் குடித்தார்கள். ஒருவரும் அறுக்கப் போகவில்லை. கூலி ஏறியது.

அவள் கைப்பக்குவம் என்று ஊரே புகழ்கிறது. துணியில் வடிகட்டும் யோசனை யாருடையது? இனி அந்த ரசத்தை ஊற்றும்போது என்னையும் சேர்த்துச் சொல்லுங்கள்.