கடைசி வாரத்தில் பூஜை போட்ட லாரி

முதலில் என் கையெழுத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற லாரியில் உட்கார்ந்து எழுதியது போலத்தான் இருக்கும். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான், பிழைகளும் இருக்கும். வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

இந்த ஊரில் லாரிக்கு இருபது வயதுதான் ஆயுள். அதற்கு மேல் சாலையில் ஓட்ட முடியாது. என் லாரிக்கு அந்த வயது வந்துவிட்டது. பழைய முதலாளி தொழிலை மூடியபோது அவரிடமிருந்து நான் வாங்கிய பெரிய லாரி அது. துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்து கட்டட வேலை நடக்கிற இடங்களுக்கு அதில் இரும்புக் கம்பி ஏற்றிப் போவேன். ஏர்கான் பாதி நாள் வேலை செய்யாது. கிளட்சை மிதித்து மிதித்து இடது முட்டி போய்விட்டது. நான் அதைத் திட்டாத நாள் கிடையாது.

அப்படியிருக்க, உடைக்கிற இடத்துக்குக் கொண்டுபோக நாள் குறித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மனைவி தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இத்தனை வருஷம் சனியன் சனியன்னு சொன்னீங்க. இப்ப சனியன் போகுதுன்னா அழுவுறீங்களா?"

"அழுவல. பசிக்கல."

"அது போனா முட்டியாச்சும் பொழைக்கும்."

அவள் சொன்னது சரிதான். எனக்கே என்னைப் புரியவில்லை.

துவாஸில் ஒரு பாய் இருக்கிறார். கிடங்கு வைத்திருக்கும் வியாபாரி, அவருக்கும் நான் சாமான் ஏற்றியிருக்கிறேன். கிடங்கின் பின்பக்கம் ஓடாத பழைய லாரிகள் மூன்றை நிறுத்தி, துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். என் லாரியையும் கேட்டார். பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிடலாமாம்.

"எதுக்கு பாய் ஓடாத லாரி?" என்று கேட்டேன்.

"எனக்கென்னப்பா தெரியும்? வீட்டுலயும் இதையேதான் கேக்குறாங்க. மனுசன் கிளி வளப்பான், மீன் வளப்பான், நீங்க லாரி வளக்குறீங்களே லா அப்படின்னு மருமக சிரிக்குது. உனக்குத் தெரிஞ்சா நீ சொல்லு."

எனக்கும் தெரியவில்லை. எம்ஆர்டி ரயிலில் நான் தோளைச் சுருக்கிக்கொண்டு மூலையில் நிற்பவன். யாராவது காலை மிதித்தால் நான்தான் சாரி சொல்வேன். லாரியில் ஏறி இஞ்சினைப் போட்டதும் அந்த அதிர்வு முதுகு வழியாக ஏறும். கார்கள் தாமாக ஒதுங்கும். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அதுதான் காரணமா என்று பார்த்தேன். ஆனால் நின்றுகொண்டிருக்கும் லாரிக்கு யார் ஒதுங்குவார்கள்? பொம்மை மாதிரி நிற்பதை விட நசுங்கிப் போவதே மேல் என்று தோன்றியது. பாயிடம் வேண்டாம் என்றேன்.

உடைக்கக் கொடுக்கும் நாளுக்கு முந்தின ஞாயிறு, விடிந்ததும் ஃபேரர் பார்க் பக்கம் உள்ள கோயிலுக்கு லாரியை ஓட்டிப் போனேன். கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான். கையில் மாலையும் எலுமிச்சம்பழமும் இருந்ததைப் பார்த்து அர்ச்சகர் வெளியே வந்தார்.

"புதுசா வாங்கியிருக்கேளா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் நான்கு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலை தானாக ஆடிவிட்டது.

"செகண்ட் ஹாண்டா? பரவால்ல, வண்டி கெட்டியா இருக்கு."

அதற்கும் தலையாட்டினேன். அவர் என் பெயரும் நட்சத்திரமும் கேட்டு, முழுப் பூஜையும் செய்தார். கண்ணாடிக்குச் சந்தனம், குங்குமம். முன்னால் மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி, "விபத்து இல்லாம நெறைய வருஷம் ஓடட்டும். ஏறி முன்னால எடுங்கோ" என்றார்.

எடுத்தேன். பழம் நசுங்கியது. வெளியே நின்ற ஒருவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு வியர்த்துவிட்டது. நாளை மறுநாள் சாகப்போகிற லாரிக்கு, சாமி முன்னால் புதுவண்டிப் பூஜை போட்டுவிட்டேன். இது பொய்யா, வேண்டுதலா? திரும்பிப் போய்ச் சொல்லவும் வெட்கம்.

வீட்டுக்குப் போகவில்லை. வழியில் நிறுத்தி பாய்க்கு போன் செய்தேன்.

"பாய், இன்னும் வேணுமா?"

"என்னப்பா, வேணாம்னியே?"

"பூஜை போட்டுட்டேன் பாய்."

"அப்ப ஒடைக்க முடியாதுதான்" என்றார்.

இப்போது என் லாரி அவர் கிடங்கில் நான்காவதாக நிற்கிறது. காய்ந்த மாலையை அவர் கழற்றவில்லை. ஞாயிறுதோறும் நான் போய் ஏறி உட்காருகிறேன். பாய் அடுத்த லாரியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். இஞ்சினைப் போட்டால் அதே அதிர்வு முதுகில் ஏறுகிறது. எங்கேயும் போவதில்லை. நெறைய வருஷம் ஓடட்டும் என்று அர்ச்சகர் சொன்னது இதில் சேருமா என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. நேற்று டோபி காட் வழியாக நடந்துபோய் டேங்க் ரோடு கோயிலில் காவடிக் கூட்டத்தில் நின்றபோதும், சாமியிடம் அதைக் கேட்காமலேயே திரும்பிவிட்டேன்.

எழுதியது: தைப்பூசத்துக்கு மறுநாள், காலை.